யாரும் துரத்தாத ஓட்டம்

எங்கள் சந்தில் யாராவது ஓடினால் முதலில் வருகிற கேள்வி, ‘யாரு தொரத்துறாங்க?’ என்பதுதான். 2021-ல் ஒரு விடியற்காலை சைதாப்பேட்டையில் நான் குடியிருக்கிற சந்திலிருந்து ஷூ மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தபோது, குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஆயாவும் அதையேதான் கேட்டது.

“இன்னாமே, யாரு தொரத்துறாங்க?”

“யாரும் இல்ல ஆயா. சும்மா ஓடுறேன்.”

“சும்மா எவளாவது ஓடுவாளா?”

சும்மா ஓடவில்லை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போதே நடக்கவோ ஓடவோ ஆரம்பிக்காவிட்டால் உங்க அம்மா மாதிரி மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஓடத் தொடங்கினேன். ஆனால் ஒரு மாசம் கழித்து நான் ஓடியது சர்க்கரைக்காக இல்லை. பூவுக்காக. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏன் கூச்சமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒருமுறை எங்கள் தோழர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், காலையில் பார்த்த சரக்கொன்றையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினேன். மூத்த தோழர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லாதான் எழுதுற. ஆனா இதை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நம்ம ஜனங்க ரத்தம் இன்னும் காயல. பூவை அப்புறம் பாத்துக்கலாம் தோழர்.” அவர் என்னை மட்டம் தட்டவில்லை. மூன்று முறை சிறைக்குப் போனவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று நினைத்து அந்தப் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ‘அப்புறம்’ என்ற சொல் மட்டும் கூடவே வந்தது. ஓடும்போதெல்லாம் கூடவே ஓடியது.

பூவுக்கும் எனக்கும் உள்ள கணக்கு ஆறு வயசில் தொடங்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989-ல். நான் பிறந்ததும் அந்த வருசம்தான். சட்டம் பிறந்தது எங்கள் ஊருக்குத் தெரியாது. திருவள்ளூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். சித்திரை மாசம், ஊர்த் திருவிழா நேரம். சேரிப் பையன் ஒருவன் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போய்விட்டான். அவ்வளவுதான் குற்றம். ராத்திரி கழியோடு வந்தார்கள். ஆம்பளைகள் ஏரிப்பக்கம் ஓடினார்கள். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினாள். அங்கே ஒளிய மரம் கிடையாது, சுவர் கிடையாது. இருந்தது மல்லித் தோட்டம் ஒன்றுதான். இடுப்பளவு உயரச் செடிகள். பாத்திக்குப் பாத்தி எங்கள் தெருப் பொம்பளைகள் குப்புறப் படுத்தார்கள். அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு என் மேலேயே படுத்தாள்.

மல்லி ராத்திரியில்தான் மலரும். அன்றைக்குப் பறிக்காமல் விட்டிருந்த மொட்டெல்லாம் தலைக்கு மேலே மலர்ந்துகொண்டிருந்தது. நாய்கள் குரைக்கிற சத்தம், ஓடு உடைகிற சத்தம், கெட்ட வார்த்தைகள், அவற்றோடு அந்த வாசனை. இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் யாராவது மல்லிச் சரத்தை அள்ளித் தலையில் வைக்க வந்தால் எனக்கு வயிறு பிசையும். “பூ வச்சுக்க மாட்டியா? நல்ல நாளும் அதுவுமா?” என்பார்கள். என்ன பதில் சொல்ல முடியும்?

மறுநாள் விடியுமுன் அம்மா அதே தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போனாள். மொட்டு பறிக்கிற வேலை. வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மல்லி மொட்டு ஒரு கிலோ சேர எத்தனை ஆயிரம் தடவை விரல் குவிய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் செடி கொள்ளாமல் பூக்கும். பூ அதிகமானால் விலை விழும், விலை விழுந்தால் கூலி விழும். செடி சிரிக்கிற மாசத்தில் பறிக்கிறவள் அழுவாள். நாங்கள் படுத்ததில் செடி மடிந்து மொட்டு நசுங்கிப் போயிருந்ததைத் தோட்டக்காரர் பார்த்துவிட்டார். யார் படுத்தது, ஏன் படுத்தது என்று அவருக்கா தெரியாது? அந்த வாரக் கூலியில் எல்லாப் பொம்பளைகளுக்கும் பிடித்தம் போட்டார். உயிர் பிழைத்ததற்கு நாங்கள் கட்டிய வரி.

வேலை முடிந்து வரப்பேறும்போது மேஸ்திரி மடியை உதறிக் காட்டச் சொல்வான். ஒரு மொட்டுகூட வெளியே போகக் கூடாது. அம்மாவின் விரல் நுனியெல்லாம் மல்லி வாசனை வீசும். அவள் தலையில் நான் மல்லியைப் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயசாகும்போது மெட்ராசுக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்குத் தெருக்கூட்டுகிற வேலை கிடைத்தது. நிரந்தரம் கிடையாது, காண்டிராக்டு. பூ பறித்த கைக்குப் பூ கூட்டுகிற வேலை. கோடை லீவில் நானும் கூடப் போவேன். தகரத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அம்மா தள்ளித் தருவாள், நான் அள்ளி வண்டியில் போடுவேன்.

நகரத்தில் மரம் நிறைய உள்ள தெருக்கள் பணக்காரத் தெருக்கள். அங்கே வேலை போட்டால் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். மாசி பங்குனியில் சருகு. சருகு முடிந்ததும் பூ. சருகாவது பரவாயில்லை, காய்ந்தது, தொடப்பம் போட்டால் ஓடி வரும். பூ அப்படியில்லை. பனியில் நனைந்து தாரோடு ஒட்டிக்கொள்ளும். வண்டிச் சக்கரம் ஏறினால் அரைத்த துவையல் மாதிரி ஆகிவிடும். மே மாசத்துச் சிவப்புப் பூ இருக்கிறதே, அதன் இதழைக் குனிந்து நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இயல்வாகை இன்னும் மோசம். கூட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் தெரு மஞ்சளாகக் கிடக்கும். பங்களா வீட்டம்மா மாடியிலிருந்து, “இன்னும் பூவெல்லாம் கெடக்குதே, சரியா கூட்டுறதில்லையா?” என்பார். அம்மா வாய்க்குள் சொல்லுவாள்: “இந்த மரத்த வச்சவன் வந்து கூட்டட்டும்.”

நான் முதன்முதலில் கேட்ட மலர் வர்ணனை அதுதான்.

அப்புறம் படித்தேன். அரசு விடுதி, அரசுக் கல்லூரி, எம்.ஏ. தமிழ். சங்க இலக்கிய வகுப்பில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. அதில் வருகிற தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரையும் மனப்பாடம் பண்ணி ஒப்பித்தேன், ஒரு பெயர் விடாமல். அவற்றில் எத்தனையை நான் கூட்டி அள்ளியிருக்கிறேன் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பாட்டில் பிடித்துப் போனது வேறொரு இடம். அந்தப் பெண்கள் தினைப்புனம் காக்க வந்தவர்கள். அதுவும் ஒரு வேலைதான். வேலைக்கு வந்த பெண்கள் அருவியில் குளித்துவிட்டு, கண்ணில் பட்ட பூவையெல்லாம் பறித்துப் பாறைமேல் குவித்து விளையாடுகிறார்கள். மடியை உதறிக் காட்டு என்று எவனும் கேட்கவில்லை. பரீட்சையில் இதை எழுதினேன். ‘பாடத்துக்குத் தொடர்பில்லாதது’ என்று சிவப்பு மையில் குறிப்பு வந்தது.

பாலைத் திணைக்கு வேனிற்காலம். அந்தக் காலத்தில்தான் உடன்போக்கு. விரும்பியவனோடு பெண் வீட்டை விட்டுப் போகிறாள். புங்கம்பூ உதிர்ந்து கிடப்பதைச் சங்கப் புலவர்கள் நெற்பொரிக்கு உவமை சொன்னார்கள். பாடம் நடத்தியவர் உருகி உருகி நடத்துவார். எனக்குப் பிடிக்கும். ஆனால் 2016 மார்ச் 13-ந்தேதி உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு, எனக்கு அந்தப் பொரி வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்துவிட்டது. சாவு ஊர்வலத்திலும் பொரி இறைப்பார்கள். ஏட்டில் உடன்போக்கு, ரோட்டில் அரிவாள். ரெண்டுக்கும் ஒரே பருவம்.

இத்தனையும் பின்னால் இருக்கும்போது பூவை எப்படி ரசிப்பது? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஓட ஆரம்பிக்கும்வரை.

என் வழி இதுதான். சைதாப்பேட்டையில் தொடங்கி அண்ணாசாலையில் நந்தனம், அங்கிருந்து சேமியர்ஸ் சாலை, பிறகு கிரீன்வேஸ் சாலை, ராஜா அண்ணாமலைபுரத்தில் அம்பேத்கர் மணிமண்டபம். அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வருவேன். பாதி ஓட்டம், பாதி நடை. ஐந்தரை மணிக்கு இறங்கினால் வெயில் வருமுன் வீடு. மாசியில் ஆரம்பித்ததால் முதலில் சருகுதான் பார்த்தேன். பங்குனியில் ஒருநாள் காலுக்குக் கீழே என்னவோ நொறுநொறுவென்று மிதிபட்டது. குனிந்து பார்த்தால் புங்கம்பூ. வெள்ளையும் லேசான ஊதாவுமாக மரத்தடி முழுக்கக் கொட்டிக் கிடந்தது. புலவர்கள் பொய் சொல்லவில்லை, பொரியேதான். என் கையில் அன்றைக்குத் தொடப்பம் இல்லை, தகரம் இல்லை. அதை நான் அள்ள வேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்ததும் நின்றுவிட்டேன். பூவை அள்ளாமல் வெறுமனே பார்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு பூ வந்தது. வேப்பம்பூ வந்தபோது மரத்தைப் பார்க்குமுன்பே மூக்குக்குத் தெரிந்தது. வாய்க்குள் ஒரு கசப்பும் இனிப்பும். தூங்குமூஞ்சி மரத்தில் ரோஸ் நிறக் குஞ்சம். வாகை மரத்தில் பச்சையும் வெள்ளையும் கலந்த குஞ்சம், அதற்கு நல்ல வாசனை. இயல்வாகை தெரு முழுக்க மஞ்சள் விரித்தது. சித்திரை நெருங்க நெருங்கச் சரக்கொன்றை. இலையெல்லாம் உதிர்ந்துபோன கிளையில் சரம் சரமாகத் தொங்கும். விடிகிற வெளிச்சத்தில் அதற்குக் கீழே ஓடுகிறபோது மேலெல்லாம் மஞ்சள் விழுந்தது மாதிரி இருக்கும். வாசனையும் அவ்வளவாக இல்லை. எனக்கு அது நிம்மதி. பயமுறுத்தாத பூ.

ஓடும்போது பார்க்கிற பூ நின்று பார்க்கிற பூ மாதிரி கிடையாது. அது வரும், தலைக்குமேல் போகும், அடுத்தது வரும். எதையும் பறிக்க நேரமில்லை. மூச்சு வாங்குகிறது, இதயம் அடிக்கிறது, வேர்வை வழிகிறது. மல்லித் தோட்டத்துக்கு ஓடினபோதும் அம்மாவுக்கு இப்படித்தானே அடித்திருக்கும். அவள் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே அடிப்புதான் என் நெஞ்சிலும். ஆனால் பின்னால் யாரும் வரவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாருமே வரவில்லை. ஒரு கொன்றை மரத்தடியில் நின்று எதற்கென்று தெரியாமல் அழுதேன். பால்பாக்கெட் போடுகிற பையன் சைக்கிளை நிறுத்தி, “இன்னாக்கா, கால்ல சுளுக்கா?” என்று கேட்டான்.

எப்போதும் யாரும் வராமல் இருந்துவிட மாட்டார்கள். ஒரு பெரிய வீட்டு மதிலுக்கு வெளியே கிளை நீட்டிக்கொண்டிருந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். காவலாளி வந்தார். “எந்த வீட்டுல வேலை?”

“வேலை இல்லைங்க. ஓடுறேன்.”

“ஓடுறவங்க ஓடணும். இங்க நின்னு என்னா பாக்குற?”

“பூ பாக்குறேன்.”

அவர் என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார். ஷூ போட்டிருக்கிறது, டிராக் பேண்ட் போட்டிருக்கிறது, ஆனால் முகம்? அவருக்குக் கணக்கு இடித்தது. எனக்கு முன்னால் அதே மரத்தடியில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போன அம்மாவிடம் அவர் எந்த வீட்டில் வேலை என்று கேட்கவில்லை. காவலாளியைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? அவர் சாப்பாடு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அவரும் நம்மைப் போல ஒருத்தராக இருக்கலாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்கு அகமத் ஆர்பெரி ஞாபகம் வந்தது. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில், 2020 பிப்ரவரி 23-ந்தேதி, இருபத்தைந்து வயசுக் கறுப்பின இளைஞன் ஒரு குடியிருப்புப் பகுதித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். திருடன் என்று சந்தேகப்பட்டோம் என்று சொல்லி மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தினார்கள். ஒருவன் சுட்டுக் கொன்றான். மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று 2021 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சிலருக்கு ஓட்டம் உடற்பயிற்சி. சிலர் ஓடினால் பார்க்கிறவன் கண்ணுக்கு அது தப்பியோட்டம். ஓடுகிறவன் என்ன நினைத்துக்கொண்டு ஓடினான், வழியில் எதைப் பார்த்து ரசித்தான் என்பதெல்லாம் துரத்துகிறவனுக்குத் தேவையில்லை. எங்கள் ஊர்ச் சைக்கிள் பையனும் சும்மா மிதித்துக்கொண்டுதான் போயிருப்பான். சித்திரைக் காற்று முகத்தில் அடித்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஓடுகிற வழியில் நாகலிங்க மரம் ஒன்று இருக்கிறது. பூ கிளையில் பூக்காது, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். உள்ளே லிங்கம், மேலே குடை பிடித்த நாகம் என்று சொல்லி விழுந்து கும்பிடுகிறார்கள். கோயில்களிலும் அதை வைத்திருக்கிறார்கள். அந்த மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கக் காடு. கடல் தாண்டி வந்த மரத்துக்குச் சிவலிங்கமே கிடைத்துவிட்டது. மே மாசத்துச் சிவப்புப் பூமரம் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சியும் அமெரிக்கக் கண்டத்து மரம்தான். யாருமே அவற்றை ‘நீ எந்த ஊரு? எந்தத் தெரு?’ என்று கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இதே மண்ணில் வேலை செய்கிறவர்களைத்தான் இன்னும் கேட்கிறார்கள். மரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. வந்த மரம் நிழல் தருகிறது. கேள்வி மனுசனிடம்தான்.

கிரீன்வேஸ் சாலை அமைச்சர்களும் நீதிபதிகளும் குடியிருக்கிற சாலை. அங்கிருந்து அதிக தூரமில்லை, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர். பல தலைமுறையாக மக்கள் வாழ்ந்த இடம். 2022 ஏப்ரல் கடைசியில், உச்ச நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். மே மாசம் 8-ந்தேதி, இடிப்பை எதிர்த்து அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்தார். பிழைக்கவில்லை. அந்த வாரம் நான் ஓடவில்லை. கூட்டத்தோடு அங்கே போய் நின்றேன். சட்டி பானையும் பள்ளிக்கூடப் பையுமாகத் தெருவில் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மே மாசம் அல்லவா? வழியெல்லாம் மரங்கள் சிவப்பாகப் பூத்திருந்தன. நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

இந்த நகரத்தில் வீட்டை இடித்தவர்களை அனுப்பி வைக்கிற இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அடுக்கடுக்காகக் கட்டடம். அங்கே வாழ்கிற பெண்களில் எத்தனையோ பேர் விடியுமுன் பஸ் ஏறி நகரத்துக்குள் வந்து, மரம் உள்ள தெருக்களின் வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். நிழல் ஒரு இடத்தில், அவர்கள் வீடு ஒரு இடத்தில். நான் ரசிக்கிற பூ யாருடைய தெருவில் பூக்கிறது என்பதை நான் மறந்துவிடக் கூடாது. மூத்த தோழர் சொன்னதன் நியாயம் அந்த வாரத்தில்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

ஆனால் அந்த ‘அப்புறம்’? அதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. குறுந்தொகையில் கொன்றையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. சங்கப் பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூ. கார்காலம் வந்ததும் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தோழி தலைவியிடம் சொல்கிறாள்: இது காலமில்லாத காலத்தில் பெய்த மழை, இதைக் கார் என்று நம்பிக் கொன்றை பூத்துவிட்டது, அதற்கு அறிவு கிடையாது என்று. அந்தப் பாட்டை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இப்போது ஓடும்போது தோன்றுகிறது: அந்தக் கொன்றை நான்தான். எங்களுக்கான பருவம் இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று சொல்கிறவரும் யாருமில்லை. சாதி ஒழிந்த பிறகு பூத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் என் ஆயா காத்திருந்து செத்தாள், என் அம்மா காத்திருந்து கிழவியாகிவிட்டாள். ஒரு தூறல் விழுந்தால் போதும் என்று பூத்துவிடுகிற மரத்தை அறிவில்லாதது என்று சொல்லிக்கொள்ளட்டும். ஆறு வயசில் என்னிடமிருந்து பிடுங்கியதை முப்பத்திரண்டு வயசில் நானே எடுத்துக்கொண்டேன். அதுவும் போராட்டத்தில் சேர்த்திதான் என்று அந்தத் தோழருக்கு நான் பதில் சொல்வேன்.

பதிலை இப்படித் தயார் பண்ணிக்கொண்டு பெருமையாக ஓடிக்கொண்டிருந்த ஒருநாள் காலையில்தான் அடி விழுந்தது. சேமியர்ஸ் சாலையில் ஓரமாக இயல்வாகைப் பூ அம்பாரமாகக் கிடந்தது. காற்றில் ஒதுங்கியது என்று நினைத்து அதன்மேலேயே ஓடினேன். மெத்தை மாதிரி இருந்தது. பூ நாலாபக்கமும் தெறித்தது.

“ஏம்மா! கண்ணு தெரியல? குமிச்சு வச்சிருக்கேன்ல?”

மரத்துக்குப் பின்னால் தொடப்பத்தோடு ஒரு அக்கா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. எந்தப் பூவை அம்மாவோடு சேர்ந்து அள்ளினேனோ அதே பூவை மிதித்துத் தெறிக்க விட்டிருக்கிறேன். ஷூ மாட்டி ரெண்டு வருசத்தில் குவியல் குவியலாகத் தெரியவில்லை, மெத்தையாகத் தெரிந்திருக்கிறது. “மன்னிச்சுக்க அக்கா” என்று சொல்லிவிட்டுக் குனிந்து கையால் ஒதுக்க ஆரம்பித்தேன். என் கை ஒதுக்குகிற விதத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“வேலை தெரிஞ்ச கையா கீதே?”

“எங்கம்மா பாத்த வேலைக்கா.”

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சேர்ந்து அள்ளினோம். போகும்போது கேட்டேன், “அக்கா, உனக்கு எந்தப் பூ புடிக்கும்?” அவர் சிரிக்கவில்லை. மேலே கையைக் காட்டினார். “மரத்துலயே கீதே, அந்தப் பூதான் புடிக்கும்.”

அம்மாவுக்கு இப்போது அறுபது வயசு தாண்டிவிட்டது. பென்சன் கிடையாது. முட்டி ரெண்டும் தேய்ந்துவிட்டது. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள். சித்திரை முதல் தேதியும் அன்றைக்குத்தான் வரும். 2022-லிருந்து தமிழ்நாட்டில் அது சமத்துவ நாள். போன வருசம் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி மணிமண்டபத்துக்கு வரச் சொல்லிவிட்டு நான் வழக்கம்போல ஓடிப்போய்ச் சேர்ந்தேன். மாலையோடு கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. நீல வேட்டி, நீலப் புடவை, குழந்தைகள். சாமந்தி மாலை, ரோஜா மாலை. அம்மா வீட்டிலேயே கட்டி எடுத்து வந்திருந்தது என்ன தெரியுமா? மல்லி. கடையில் அரை கிலோ மொட்டு வாங்கி ராத்திரி முழுக்க உட்கார்ந்து கட்டியிருக்கிறாள். “நான் பறிச்ச மல்லியெல்லாம் எந்தச் சாமிக்குப் போச்சோ. இது அவருக்கு” என்றாள். எனக்கு வயிறு பிசையவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மாலையை நான்தான் கையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பும்போது மெதுவாக நடத்திக் கூட்டி வந்தேன். கொன்றை மரம் வந்தது. “அம்மா, மேல பாரேன்” என்றேன்.

அம்மா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “இந்த ரோட்ட நான் ரெண்டு வருசம் கூட்டியிருக்கேன்டி” என்றாள். “இம்மாம் பூவு மேல இருந்திச்சா?”

“நீ பாத்ததே இல்லையா?”

“கீழ கெடக்கறதப் பாக்கவே நேரமில்ல. இதுல எங்க மேல பாக்கறது? நிமிர்ந்தா மேஸ்திரி கத்துவான்.” இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். அப்புறம் பார்வை தானாகக் கீழே இறங்கித் தாரில் ஒட்டிக் கிடந்த மஞ்சளில் நின்றது. “நாளைக்கு எவ வந்து கூட்டப் போறாளோ, பாவம்.”

ஆட்டோவில் ஏறின பிறகு கேட்டாள். “தெனமும் இந்த வழியாதான் ஓடுறியா?”

“ஆமாம்மா.”

“யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே?”

“சில நாள் கேப்பாங்க. நான் பதில் சொல்லிடுவேன்.”

அம்மா ஒன்றும் பேசவில்லை. சைதாப்பேட்டை பாலம் வந்தபோது சொன்னாள்: “ஓடு. நல்லா ஓடு. குமிச்சு வச்சிருந்தா மட்டும் சுத்திப் போ.”